மழையைத் தேடிப் போன காட்டேரி… தெரியுமா?

கறுப்பு அட்டை. அதில் இரண்டு வெளுத்த கைகள். அந்தக் கைகளுக்குள் ஒரு சிவப்பு ஆப்பிள். புத்தகத்தைப் படிக்காதவர்கள்கூட இந்த அட்டையை எங்காவது ஒரு ரயிலிலோ, ஒரு நூலகத்திலோ, ஒரு கல்லூரி மாணவியின் பையிலோ பார்த்திருப்பார்கள். ஸ்டெஃபனி மேயர் எழுதிய 'ட்வைலைட்'! பதினேழு வயதுப் பெண் ஒருத்தி ஒருவனைக் காதலிக்கிறாள்; அவனோ நூறைத் தாண்டியும் பதினேழிலேயே நின்றுபோன ரத்தக்காட்டேரி. அவ்வளவுதான் கதை. அந்த 'அவ்வளவுதான்' நான்கு பாகங்களாக வளர்ந்து உலகம் முழுக்க 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது! அதன் பின்னால் ஒரு எரிமலை இருக்கிறது, ஒரு ஆந்தை இருக்கிறது, ஒரு திருட்டுப் படம் இருக்கிறது, போகிற போக்கில் நம் ஊட்டிகூட இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

முதலில் அந்தக் கனவு. தேதிகூடத் துல்லியமாகத் தெரியும்: 2003 ஜூன் 2. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மூன்று சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு மல்லாடிக்கொண்டிருந்த 29 வயது அம்மா, ஸ்டெஃபனி. அன்றைக்குப் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு தொடக்கம். விடிகாலையில் ஒரு கனவு: காட்டுக்கு நடுவே ஒரு புல்வெளி, அதில் ஒரு சாதாரணப் பெண், எதிரே வெயில் பட்டு மினுமினுக்கும் ஓர் அழகன். அவன் அவளைக் காதலிக்கிறான். அதே நேரத்தில் அவள் ரத்தத்தின் வாசனை அவனைக் கொல்கிறது. எழுந்ததும் மறந்துபோவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தார். அதற்குமுன் அவர் எழுதி ஒரு சிறுகதைகூட வெளிவந்ததில்லை!

அன்றைக்கு அவர் எழுதியது புத்தகத்தின் முதல் அத்தியாயம் அல்ல, தெரியுமா? 13ஆம் அத்தியாயம்! நடுவிலிருந்து தொடங்கி, முடிவு வரை ஓடிப்போய், பிறகுதான் திரும்பி வந்து ஆரம்பத்தை எழுதினார். பாத்திரங்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. வெறும் 'அவன்', 'அவள்'. பெயர் பிறகு வந்தது. கதாநாயகனுக்கு எட்வர்ட் என்ற பெயரை சார்லட் பிராண்டியின் ரோசெஸ்டரிடமும் ஜேன் ஆஸ்டினின் ஃபெராஸிடமும் எடுத்தார். இருவருமே எட்வர்டுகள். பெல்லாவுக்கு வைத்த இசபெல்லா என்பது, தனக்குப் பெண் பிறந்தால் வைக்க எடுத்து வைத்திருந்த பெயர். பிறந்தவை மூன்றும் பையன்கள். பெயர் கதாநாயகிக்குப் போய்விட்டது. மூன்றே மாதத்தில் நாவல் முடிந்தது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் மூன்று மாதத்தில் நாவல்! இதை மட்டும் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

சரி, காட்டேரிகளை எங்கே குடிவைப்பது? மேயரின் காட்டேரிகள் வெயிலில் எரிந்து சாம்பலாக மாட்டார்கள். வைரம் பதித்தாற்போல் ஜொலிப்பார்கள். ஊர் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆக, சூரியனே எட்டிப் பார்க்காத ஊர் வேண்டும். எழுத்தாளர் இருப்பதோ அமெரிக்காவிலேயே வெயில் கொளுத்தும் பாலைவன வட்டாரத்தில்! கூகுளில் போய் அமெரிக்காவில் அதிகமாக மழை பெய்யும் இடம் எது என்று தேடினார். வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தீபகற்பம் வந்தது. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் காட்டோரத்தில் ஃபோர்க்ஸ் என்று ஒரு குட்டி ஊர். ஆண்டுக்குச் சுமார் 120 அங்குலம், அதாவது 3,000 மில்லிமீட்டர் மழை. இடம் முடிவானது. நாவலுக்கு அவர் முதலில் வைத்த தலைப்பே 'ஃபோர்க்ஸ்'தான். இன்னொன்று: அந்த ஊரை ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காமலேயே நாவலை எழுதி முடித்தார். 2004 கோடையில்தான் முதன்முதலாக அங்கே கால் வைத்தார்.

ஃபோர்க்ஸுக்கு மட்டும் ஏன் இந்த மழை? பசிபிக் பெருங்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்று ஒலிம்பிக் மலைகளில் முட்டி மேலே ஏறுகிறது, குளிர்கிறது, கொட்டித் தீர்க்கிறது. மலையைத் தாண்டுவதற்குள் காற்று காய்ந்துவிடும். தென்மேற்குப் பருவமழையைக் கேரளத்துக்குக் கொடுத்துவிட்டு நம் பக்கம் காற்றை மட்டும் அனுப்பும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அதே கணக்கு. இதன் விளைவு என்ன தெரியுமா? அதே தீபகற்பத்தில், காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஸ்க்விம் என்ற ஊரில் ஆண்டு மழை வெறும் 16 அங்குலம்! அங்கே லாவெண்டர் தோட்டம் போட்டு வாழ்கிறார்கள். எட்வர்டின் கல்லன் குடும்பம் மலைக்கு அந்தப் பக்கம் வீடு பார்த்திருந்தால் கதை முதல் வாரமே முடிந்திருக்கும்.

எழுதியாயிற்று. யார் வெளியிடுவது? இலக்கிய முகவர்களுக்கும் பதிப்பகங்களுக்குமாக 15 கடிதம் போட்டார் மேயர். ஐந்துக்குப் பதிலே இல்லை. ஒன்பது பேர் 'வேண்டாம்' என்றார்கள். ஒரே ஒரு முகவர் நிறுவனம்தான் 'அனுப்புங்கள்' என்றது. அந்த ஒன்று போதுமானதாக இருந்தது. லிட்டில் பிரவுன் பதிப்பகம் மூன்று புத்தகங்களுக்கு 7,50,000 டாலர் கொடுத்து வாங்கியது. பெயர் தெரியாத ஓர் அறிமுக எழுத்தாளருக்கு! இதில் கூத்து என்னவென்றால், ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒரு நிராகரிப்புக் கடிதம் நிதானமாகத் தபாலில் வந்து சேர்ந்தது. 2005 அக்டோபர் 5ஆம் தேதி புத்தகம் கடைக்கு வந்தது.

வந்ததும் கிளம்பினார்கள் பழைமைவாதிகள். 'காட்டேரி என்றால் வெயில் பட்டதும் சாம்பலாக வேண்டும், இதென்ன நகைக்கடை பொம்மை மாதிரி ஜொலிக்கிறது' என்று இன்றுவரை சிரிக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள்: பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலில் டிராகுலா லண்டன் தெருவில் பட்டப்பகலில் நடந்து போகிறார், தெரியுமா? 1897இல் வந்த அந்த மூலநூலில் வெயில் அவரைக் கொல்வதில்லை; பகலில் சக்தி குறையும், அவ்வளவே. அப்படியானால் வெயிலில் கருகும் சட்டத்தை இயற்றியது யார்? 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் மௌனப்படம்! அதுவோ ஸ்டோக்கர் குடும்பத்திடம் உரிமை வாங்காமல், பெயர்களை மாற்றிப் போட்டு எடுத்த திருட்டுத் தழுவல். ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளோரன்ஸ் வழக்குப் போட்டார். 1925இல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லி ஜெர்மன் நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்கெங்கோ தப்பிப் பிழைத்த பிரதிகளால்தான் இன்று அந்தப் படம் இருக்கிறது. ஆக, 'பாரம்பரியம்' என்று தூக்கிப் பிடிக்கப்படுவது ஒரு திருட்டுப் படத்தின் கண்டுபிடிப்பு! பகலில் நடமாடும் விஷயத்தில் எட்வர்ட்தான் டிராகுலாவுக்கு நெருங்கிய சொந்தம்.

இன்னும் பின்னால் போவோமா? 1700களில் கிழக்கு ஐரோப்பியக் கிராமங்களில் காட்டேரி பயம் நிஜமாகவே ஆட்டிப் படைத்தது. புதைத்த பிணங்களைத் தோண்டி எடுத்து நெஞ்சில் கழு அடித்தார்கள். செர்பியப் பகுதியில் ஆஸ்திரிய ராணுவ மருத்துவர்களே கல்லறையைத் திறந்து பார்த்து 1732இல் அறிக்கை எழுதினார்கள்! கடைசியில் பேரரசி மரியா தெரசா 1755இல் இதற்குத் தடை போட வேண்டியிருந்தது. அந்தக் கிராமத்துக் காட்டேரி அழகனல்ல. ஊதிப்போன, சிவந்து கறுத்த பிணம். அதை யார் காதலிப்பது?

அழகனாக்கியது மழை! ஆமாம், மறுபடியும் மழைதான். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசியும் கந்தகமும் வானில் படர்ந்து, 1816இல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் விடுமுறைக்கு வந்திருந்த ஒரு கூட்டம் விடாத மழையால் வீட்டுக்குள்ளேயே அடைபட்டது. கவிஞர் பைரன், கவிஞர் ஷெல்லி, பதினெட்டு வயது மேரி, பைரனின் இருபது வயது மருத்துவர் பொலிடோரி. பொழுது போகவில்லை. 'ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம்' என்றார் பைரன். மேரி எழுதத் தொடங்கியது 'ஃபிராங்கன்ஸ்டைன்'! பைரன் கிறுக்கிவிட்டுப் போட்ட ஒரு துண்டை எடுத்து வளர்த்து பொலிடோரி எழுதியது 'தி வாம்பயர்'. 1819இல் அது அச்சானபோது பைரன் பெயரிலேயே வந்து, உண்மையில் எழுதியவர் தவித்துப் போனார். அந்தக் கதையில்தான் முதன்முதலாகக் காட்டேரி வெளுத்த முகமும் பணமும் பண்பும் கொண்ட பிரபுவாக வரவேற்பறைக்குள் நுழைந்தது. அச்சு அசலாக பைரனின் சாயல்! எட்வர்ட் கல்லனுக்குக் கொள்ளுத்தாத்தா இந்தப் பிரபுதான். ஒரு எரிமலை வெடிக்காமல் இருந்திருந்தால், ஒரு வாரம் வெயில் அடித்திருந்தால்… யோசித்துப் பாருங்கள்.

ஊட்டி எங்கே வந்தது என்கிறீர்களா? ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஆங்கிலேயர், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. 1847இல் நோய் விடுப்பில் கோவா, கோழிக்கோடு வழியாக நீலகிரிக்கு வந்து ஊட்டியில் தங்கினார்; 1851இல் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். இதே பர்ட்டன்தான் நம் விக்கிரமாதித்தன் கதையை 1870இல் ஆங்கிலத்தில் எழுதியவர். அம்புலிமாமா படித்தவர்களுக்கெல்லாம் மனப்பாடமான, முருங்கைமரத்து வேதாளம்! இருபத்தைந்து கதைகளில் பதினொன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, வேதாளத்தை 'வாம்பயர்' ஆக்கி 'விக்ரம் அண்ட் தி வாம்பயர்' என்று வெளியிட்டார். இந்த பர்ட்டனை லண்டனில் சந்தித்துப் பேசி அசந்துபோனவர்களில் ஒருவர் யார்? பிராம் ஸ்டோக்கர்! பேசும்போது பர்ட்டனின் கோரைப்பல் பளிச்சென்று தெரிந்ததைப் பிற்பாடு தன் நினைவுக்குறிப்பில் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார். டிராகுலாவின் பல் அங்கிருந்து முளைத்ததா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஊட்டிக் குளிரில் நோய் விடுப்பைக் கழித்த ஒரு மனிதரின் பல்லை டிராகுலா எழுதியவர் உற்றுப் பார்த்திருக்கிறார் என்பது மட்டும் பதிவாகியிருக்கிறது. வேடிக்கை பாருங்கள், மேயரின் காட்டேரிகளுக்கோ கோரைப்பல்லே இல்லை.

ஃபோர்க்ஸுக்குத் திரும்புவோம். சுமார் 3,500 பேர் வாழும் ஊர். ஒரு காலத்தில் 'உலக மரவெட்டுத் தலைநகரம்' என்று தன்னைத்தானே அழைத்துக்கொண்டது. 1990இல் புள்ளி ஆந்தை என்ற ஒரு பறவை, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினப் பட்டியலில் சேர்ந்தது. அது வாழும் பழைய காடுகளை வெட்டக் கூடாது என்று கட்டுப்பாடுகள் வந்தன. மரத்தொழில் சரிந்தது; ஊர் வாடியது. பதினைந்து ஆண்டு கழித்து, முன்பின் பார்த்திராத ஒரு பெண் எழுதிய புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வாசகிகள் வந்து இறங்கினார்கள். 2010இல் மட்டும் சுமார் 73,000 பேர்! ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? மருத்துவமனை வாசலில் 'டாக்டர் கல்லனுக்கு மட்டும்' என்று வண்டி நிறுத்தப் பலகை. பெல்லா ஓட்டியது மாதிரி பழைய சிவப்பு செவ்ரலே டிரக், படம் பிடித்துக்கொள்ள. ஒரு விடுதி 'கல்லன் குடும்பத்து வீடு' ஆகிவிட்டது. பெல்லாவின் பிறந்தநாளான செப்டம்பர் 13ஐ ஒட்டி ஆண்டுதோறும் திருவிழா. கதாபாத்திரத்தின் பிறந்தநாளுக்கு ஊர்த் திருவிழா! பக்கத்து நகரமான போர்ட் ஏஞ்சலஸில் ஓர் இத்தாலிய உணவகத்தில் பெல்லா சாப்பிட்ட காளான் ரேவியோலியை வாசகிகளும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

இதே கடற்கரையில் கொஞ்ச தூரத்தில் லா புஷ். அங்கே வாழும் குவிலியூட் பழங்குடியினரைத்தான் மேயர் ஓநாய் மனிதர்களாக எழுதினார். கதையில் வரும் ஜேக்கப் பிளாக் இந்த இனத்துப் பையன். உண்மைச் சங்கதி கதையைவிடச் சுவாரசியம். ஊர் ஊராகச் சென்று உலகைத் திருத்தியமைத்த ஒரு தெய்வீக நாயகன் ஓநாய்களை மனிதர்களாக மாற்றியதால் பிறந்தவர்கள் நாங்கள் என்பது அவர்களின் மரபுக்கதை. மனிதன் ஓநாயாவதல்ல, ஓநாய் மனிதனானது! காட்டேரிகளோடு சண்டை என்பதெல்லாம் மேயர் சேர்த்த மசாலா. அவர்களின் மொழியில் ம, ந, ண, ன என்று மூக்கால் ஒலிக்கும் எழுத்தே கிடையாது, தெரியுமா? உலகத்தில் இப்படிப்பட்ட மொழிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. புத்தகத்தாலும் படத்தாலும் கோடிகள் புரண்டன. அந்தச் சின்ன இனத்தைக் கேட்டு எழுதியவர் யாருமில்லை. இந்த நாவலில் எனக்குத் தொண்டையில் சிக்கும் முள் இதுதான். சியாட்டிலின் பர்க் அருங்காட்சியகம் இந்த மக்களோடு சேர்ந்து, கதையில் எது உண்மை எது கற்பனை என்று விளக்கும் ஒரு தொகுப்பே செய்ய வேண்டிவந்தது. சுனாமி வந்தால் லா புஷ் தண்ணீருக்குள் போய்விடும். மேட்டுநிலத்துக்குக் குடிபெயர, தேசியப் பூங்காவிலிருந்து 785 ஏக்கரை அவர்களுக்குக் கொடுக்கும் சட்டத்தில் 2012இல் ஒபாமா கையெழுத்திட்டார். இப்போது பிள்ளைகளின் பள்ளி மேட்டில் இருக்கிறது.

இரண்டாம் பாகமான 'நியூ மூன்' படித்தவர்களிடம் கேளுங்கள், அந்த வெற்றுப் பக்கங்களைப் பற்றிச் சொல்வார்கள். எட்வர்ட் விட்டுவிட்டுப் போன பிறகு பக்கத்தைப் புரட்டினால் 'அக்டோபர்' என்று ஒரு சொல். அடுத்து 'நவம்பர்'. அடுத்து 'டிசம்பர்'. பிறகு 'ஜனவரி'. வேறு ஒன்றுமே இல்லை! பதினெட்டு வயதில் மனம் உடைந்தால் எப்படி இருக்கும் என்பதை ஒரு வரிகூட எழுதாமல் சொன்ன இடம். மேயரின் உரைநடையைக் கிண்டல் செய்கிறவர்கள் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. அதே புத்தகத்தில் வரும் காட்டேரி ராஜ வம்சத்துக்கு வோல்ட்டூரி என்று பெயர் வைத்துவிட்டு, அவர்களுக்கென ஒரு கற்பனை நகரம் கட்ட இருந்தார். இத்தாலி வரைபடத்தைப் பார்த்தால் வோல்ட்டெரா என்று நிஜமாகவே ஒரு பழம்பெரும் மலைநகரம் உட்கார்ந்திருக்கிறது! (படத்தை மட்டும் மோன்டெபுல்சியானோ என்ற வேறு ஊரில் எடுத்தார்கள்.)

நான்காம் பாகம் 'பிரேக்கிங் டான்' 2008 ஆகஸ்ட் 2ஆம் தேதி நள்ளிரவில் வெளியானது. முதல் அச்சே 37 லட்சம் பிரதி. முதல் நாளில் அமெரிக்காவில் மட்டும் 13 லட்சம் விற்றது! அந்த ஆண்டு யுஎஸ்ஏ டுடே நாளிதழின் விற்பனைப் பட்டியலில் முதல் நான்கு இடங்களும் இந்த நான்கு புத்தகங்களுக்கே. அடுத்த ஆண்டும் அப்படியே. கூடவே 2009இலும் 2010இலும் அமெரிக்க நூலகங்களில் 'இதை எடுத்துவிடுங்கள்' என்று அதிகம் புகார் வந்த முதல் பத்து நூல்களின் பட்டியலிலும் இந்தத் தொடர் இருந்தது. இத்தனைக்கும் கல்யாணத்துக்கு முன்னால் கூடவே கூடாது என்று பிடிவாதம் பிடிப்பது யார்? காட்டேரி எட்வர்ட்தான்!

படமா? முதலில் உரிமை வாங்கிய பெரிய நிறுவனம், பெல்லாவை ஓட்டப்பந்தய வீராங்கனையாக்கித் திரைக்கதை எழுதி, பிறகு கைகழுவிவிட்டது. சம்மிட் என்ற சிறிய நிறுவனம் எடுத்து, கேத்தரின் ஹார்ட்விக் இயக்கத்தில், 3.7 கோடி டாலர் செலவில் முடித்தது. 2008இல் முதல் வார இறுதியிலேயே சுமார் 7 கோடி டாலர் வசூல். ஒரு பெண் இயக்குநரின் படத்துக்கு அதுவரை அப்படியொரு தொடக்கம் கிடைத்ததில்லை. கடைசிப் படத்துக்காகச் செய்து, பார்க்கவே பயமாக இருக்கிறது என்று ஒதுக்கப்பட்ட குழந்தைப் பொம்மை இப்போது ஃபோர்க்ஸ் கண்காட்சியில் பார்வையாளர்களை மிரட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த ஒரு புத்தகம் எத்தனை புத்தகங்களைக் கிளப்பிவிட்டது தெரியுமா? பெல்லாவுக்குப் பிடித்த நாவல் எமிலி பிராண்டியின் 'வதரிங் ஹைட்ஸ்'. 1847இல் வந்த அந்தப் புத்தகத்தை, கறுப்பு அட்டையும் பூவும் போட்டு 'பெல்லாவுக்கும் எட்வர்டுக்கும் பிடித்த புத்தகம்' என்ற முத்திரையோடு 2009இல் மறுபடி விற்றார்கள். பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள்! இன்னொரு பக்கம், எட்வர்ட், பெல்லா பெயரிலேயே ஒரு ரசிகை இணையத்தில் எழுதிய தொடர்கதைதான் பெயர்கள் மாறி 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' ஆனது.

எட்வர்ட் பார்வையில் அதே கதையைச் சொல்லும் 'மிட்நைட் சன்' 2008இலேயே பாதி எழுதப்பட்டுவிட்டது. கையெழுத்துப் பிரதி இணையத்தில் கசிய, மனம் வெறுத்துத் தூக்கிப் போட்டார் மேயர். பன்னிரண்டு ஆண்டு கழித்து, ஊரடங்குக் காலத்தில், 2020 ஆகஸ்ட் 4இல்தான் அது வெளிவந்தது. இடையில் 2015இல் இன்னொரு விளையாட்டு: ஆணைப் பெண்ணாகவும் பெண்ணை ஆணாகவும் மாற்றி 'லைஃப் அண்ட் டெத்' என்று முழு நாவலையும் திரும்ப எழுதினார். பெல்லாவின் அப்பா அம்மா மட்டும் மாறவில்லை.

தூங்குகிற பெண்ணை ஜன்னல் வழியே வந்து ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது காதல் அல்ல என்பதை எட்வர்டிடம் யாராவது சொல்லியிருக்கலாம். அதைப் படிக்கிற பெண்ணோடு பேசுங்கள், புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். இனிமேல்தான் தொடங்கப்போகிறீர்கள் என்றால், 'ட்வைலைட்', 'நியூ மூன்', 'எக்லிப்ஸ்', 'பிரேக்கிங் டான்' என்று இந்த வரிசையிலேயே போங்கள். 'மிட்நைட் சன்' கடைசியில். அதை முதலில் படித்தால் எட்வர்ட் யார் என்ற மர்மம் முதல் பக்கத்திலேயே போய்விடும்.